சட்டமும் ஒரு கைத்தொழிலே

(பெம்பான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



விடியுமுன் எழுந்து, மரம் சீவி, பால் நிறுத்துக் கொடுத்து, வீட்டு வேலையையும் முடித்துவிட்டு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். களைத்து வந்தவர்களை வீண் பேச்சால் வாட்டலாகாது. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

இன்று நாம் ஒரு சட்டப் பேராசிரியரைப் பற்றிப் பேசப் போகிறோம். அவர் பெயர் என். ஆர். மாதவ மேனன். கேரளத்துக்காரர். அவர் நம் சங்கத்தைச் சேர்ந்தவரல்லர். ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தவருமல்லர். அப்படியிருக்க அவரைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும்? காரணம் இதுதான். வேலைநீக்கக் கடிதம் கைக்கு வந்த அன்று, நமக்காக எழுதவும் பேசவும் தெரிந்த ஒருவர் நமக்கு வேண்டும். அத்தகைய ஒருவரை எப்படி உருவாக்குவது என்ற கேள்விக்குத் தம் வாழ்நாளெல்லாம் விடை தேடியவர் அவர்.

தோழர்களே, நீங்கள் மரம் சீவக் கற்றது எப்படி? புத்தகம் படித்தா? மண்டோர் ஒரு மணி நேரம் நின்று சொற்பொழிவாற்றினாரா? இல்லை. அம்மாவுக்குப் பின்னால் மங்கு துடைத்துக்கொண்டு போனீர்கள். பழைய மரத்தில் கத்தியைப் பிடித்துப் பார்த்தீர்கள். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் மிகுந்தால் மரத்துக்குக் காயம். பிறகு அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாகத்தான் வளரும். இதை வாயால் சொல்ல ஐந்து நிமிடம் போதும். கைக்கு வர மாதங்கள் ஆகும். பக்கத்தில் நின்று கையைத் திருத்த ஒருவர் வேண்டும். கிராணிமார் செக்ரோல் எழுதக் கற்றதும் பெரிய கிராணியின் மேசையருகே அமர்ந்துதான்.

வைத்தியம் படிக்கும் பிள்ளையும் அப்படியே கற்கிறான். வகுப்பில் பாடம் கேட்டால் மட்டும் அவனை டாக்டர் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியின் படுக்கையருகே, பெரிய டாக்டரின் கண்ணெதிரே, நாடி பார்க்கவும் கேள்வி கேட்கவும் பழக வேண்டும். ‘கிளினிக்’ என்ற சொல்லே படுக்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

ஆனால் வக்கீலுக்குப் படிப்பவன்? அவனுக்கு அந்தப் படுக்கையருகுப் பாடம் நெடுங்காலம் இருந்ததில்லை. 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெரோம் ஃபிராங்க் என்பவர், வைத்திய மாணவனுக்கு உள்ளது போன்ற கிளினிக் சட்ட மாணவனுக்கும் ஏன் இருக்கக்கூடாது என்று கேட்டுக் கட்டுரை எழுதினார். கேள்வி எழுந்தும், காரியம் மெதுவாகத்தான் நடந்தது.

இந்தியாவில் நிலைமை இன்னும் மோசம். 1958ஆம் ஆண்டில் செதல்வாட் அவர்கள் தலைமையில் இயங்கிய சட்டக் கமிஷன், தன் 14ஆவது அறிக்கையில் நாட்டின் சட்டக் கல்வியின் தாழ்வைக் கடுமையாகக் கண்டித்தது. மாணவர்கள் குறிப்புப் புத்தகத்தை நெட்டுருப் போட்டார்கள், பரீட்சை எழுதினார்கள், பட்டம் வாங்கினார்கள். பட்டம் பெற்ற பலருக்கு எதிரில் அமர்ந்து அழும் கட்சிக்காரரின் கதையைக் கேட்டு எழுதத் தெரியாது. ஒரு நோட்டீஸ் தயாரிக்கத் தெரியாது.

இதனால் நட்டம் யாருக்கு? பணக்காரன் பழுத்த அனுபவமுள்ள வக்கீலைத் தேடிப் போய்விடுவான். பழகாத கை வந்து விழுவது ஏழையின் வழக்கில்தான். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று நம் பக்கத்தில் கேலியாகச் சொல்வார்கள். அந்த ஆயிரம் பேரில் எத்தனை பேர் காசுள்ளவர்களாக இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மாதவ மேனன் அவர்கள் 1935ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் திருவனந்தபுரத்தில் பிறந்தார். இளம் வயதிலேயே வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். பிறகு டில்லி சென்று மத்திய அரசின் செயலகத்தில் சில காலம் பணியாற்றினார். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படித்து டாக்டர் பட்டம் பெற்றார். அதன்பின் டில்லிப் பல்கலைக்கழகத்தில் சட்ட ஆசிரியரானார். தமிழ் மக்கள் வாழும் புதுச்சேரியிலும் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராகச் சில காலம் இருந்தார். நீதிமன்றத்தையும் சர்க்கார் ஆப்பீசையும் வகுப்பறையையும் உள்ளே இருந்து பார்த்தவர் என்பதை மனத்தில் வையுங்கள்.

டில்லியில் அவரும் அவருடைய சக ஆசிரியர்களும் மாணவர்களைச் சட்ட உதவி வேலையில் ஈடுபடுத்தினார்கள். அந்த வேலை எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நாளை நம் தோட்டத்துக்கும் அது வரக்கூடும்.

முதலில் மாணவன் கட்சிக்காரரின் கதையைக் கேட்கிறான். ஏழையின் கதை ஒழுங்காக வராது. நடுவில் தொடங்கும், மகளின் கலியாணக் கடனுக்குப் போகும், மண்டோரின் ஏச்சுக்குத் திரும்பும். அதற்குள் இருக்கும் தேதி, தொகை, சாட்சி ஆகியவற்றைப் பொறுமையாக எடுக்கப் பழக வேண்டும். அடுத்து, கையில் உள்ள காகிதங்களைப் பார்க்கிறான். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு பொருந்தும் என்று தேடுகிறான். கடிதமோ மனுவோ எழுதி ஆசிரியரிடம் காட்டுகிறான். ஆசிரியர் அடித்துத் திருத்துகிறார்; மீண்டும் எழுதச் சொல்கிறார். வேலை முடிந்தபின் இருவரும் அமர்ந்து, எங்கே கை தவறியது என்று பேசுகிறார்கள். மரத்தருகே மண்டோர் செய்ததும் இதைத்தானே!

இதில் ஒரு தடையும் இருந்தது. இந்தியாவில் பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்ட வக்கீல்தான் நீதிமன்றத்தில் வாதாடலாம். மாணவன் வாதாட முடியாது. முழுநேரச் சம்பளம் வாங்கும் சட்ட ஆசிரியரும் வக்கீல் தொழில் நடத்த முடியாது. வைத்தியக் கல்லூரிப் பேராசிரியர் தாமே அறுவை செய்து காட்டலாம்; சட்டப் பேராசிரியர் தாமே வழக்காடிக் காட்ட இயலாது. ஆகவே ஆலோசனை சொல்வது, மனு எழுதித் தருவது, சமரசம் பேசுவது, ஊருக்குச் சென்று சட்டம் விளக்குவது என்ற வழிகளில்தான் இந்திய நாட்டுச் சட்டக் கிளினிக்குகள் பெரும்பாலும் நடந்தன. கதவு பூட்டியிருந்தால் திண்ணையிலேனும் பள்ளி நடத்தலாம் என்று அவர்கள் துணிந்தார்கள்.

அதே காலத்தில் நீதிமன்றத்துக்கு உள்ளேயும் காற்று மாறியது. மலபாரில் ஏழை விவசாயிகளுக்காக வாதாடிப் பழகிய வி. ஆர். கிருஷ்ணய்யர் அவர்கள், 1973ஆம் ஆண்டில் ஏழைகளுக்குச் சட்ட உதவி பற்றி ஓர் அறிக்கை தந்தார். 1976ஆம் ஆண்டில் இந்திய அரசியல் சட்டத்தில் 39ஏ என்ற பிரிவு சேர்ந்தது. பணமில்லாத காரணத்தால் எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது, அரசு இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்பது அதன் சாரம். கிருஷ்ணய்யர், பகவதி ஆகிய நீதிபதிகள் உச்ச நீதிமன்றத்தின் வாசலை ஏழைகளுக்கு அகலத் திறந்தார்கள். ஒரு கைதி எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்றார்கள். 1979ஆம் ஆண்டில், பீகார்ச் சிறைகளில் விசாரணையே இல்லாமல் பல்லாண்டு கிடந்தவர்களைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தியை வைத்துக்கொண்டு கபிலா ஹிங்கோரானி என்ற பெண் வக்கீல் வழக்குத் தொடுத்தார். குற்றம் நிரூபணமானால் கிடைக்கும் தண்டனைக் காலத்தையும் தாண்டி உள்ளே கிடந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். பொதுநல வழக்கு என்று சொல்வது இதைத்தான்.

இந்த இயக்கத்தில் சட்ட ஆசிரியர்களின் பங்கு சிறிதன்று. 1979ஆம் ஆண்டில் உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்க்கர் என்ற நான்கு ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்கே ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். போலீஸ் நிலையத்தில் கெடுக்கப்பட்ட ஒரு பழங்குடிப் பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு நியாயமற்றது என்று எடுத்துரைத்தார்கள். நாடெங்கும் மாதர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1983ஆம் ஆண்டில் சட்டமே திருத்தப்பட்டது. 1981ஆம் ஆண்டில் பக்ஷியும் லோத்திகா சர்க்காரும் ஆக்ராவில் பெண்கள் காப்பகம் ஒன்றின் அவல நிலையைக் கடிதத்தில் எழுத, அதுவும் வழக்காயிற்று. பேனாவைத் தவிர வேறு ஆயுதம் இல்லாத வாத்தியார்கள் செய்த வேலை இது.

தொழிலாளிகளாகிய நாம் மறக்கக்கூடாத வழக்கு ஒன்றும் உண்டு. 1982ஆம் ஆண்டில் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதற்காக அரங்குகளும் பாலங்களும் கட்டிய கூலிகளுக்குச் சட்டப்படி நாளுக்குக் குறைந்தது 9 ரூபாய் 25 காசு தர வேண்டும். ஆள் பிடித்து வந்த ஜமேதார்கள் தலைக்கு ஒரு ரூபாய் கமிஷன் எடுத்துக்கொள்ள, தொழிலாளி கையில் வந்தது 8 ரூபாய் 25 காசுதான். தலைக்காசு என்ற சொல் நம் பாட்டன்மாருக்குப் புதியதன்று! ஒரு மக்கள் உரிமைச் சங்கம் இதைக் கடிதமாக எழுதி நீதிபதி பகவதிக்கு அனுப்பியது. சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பசி துரத்தி வந்தவனைக் கைவிலங்கு போட்டு இழுத்து வந்தவனிலிருந்து வேறாகப் பார்க்க முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் உட்பொருள்.

இத்தகைய வழக்குகளுக்கு ஆள் வேண்டும். நீதிபதி கதவைத் திறக்கலாம். ஏழையின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போக வக்கீல் வேண்டுமே! அந்த வக்கீலை வளர்க்கும் பண்ணையை அமைக்கும் பொறுப்பு மாதவ மேனன் அவர்களிடம் வந்தது. பங்களூரில் இந்திய தேசிய சட்டப் பள்ளி தோன்றி, 1988ஆம் ஆண்டில் வகுப்புகள் தொடங்கின. அவரே அதன் முதல் இயக்குநர். வேறு பட்டம் பெற்றபின் மாலை நேரத்தில் சட்டம் படிப்பது என்ற பழைய வழக்கத்தை விட்டு, பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஐந்தாண்டு முழுநேரச் சட்டப் படிப்பை அங்கே நடத்தினார். ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதிக்கொள்ளும் முறையைக் குறைத்தார். உண்மையான வழக்குகளை வைத்து வாதிட வைத்தார். சட்ட உதவிக் கிளினிக்கைக் கல்வியின் அங்கமாக்கினார். சட்டக் கிளினிக் கல்விக்கென்றே ஒரு கைந்நூலைத் தொகுத்து 1998ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

பங்களூரில் விளைந்த பயிர் மற்ற இடங்களுக்கும் பரவியது. 1997ஆம் ஆண்டில் இந்திய வக்கீல்கள் கவுன்சில், நாட்டின் எல்லாச் சட்டக் கல்லூரிகளும் நான்கு செய்முறைப் பாடங்களை நடத்தியாக வேண்டும் என்று உத்தரவிட்டது. அவற்றில் ஒன்று பொதுநல வழக்கும் சட்ட உதவியும் பற்றியது. மேனன் அவர்கள் பின்னர்க் கல்கத்தாவில் தேசிய நீதிச் சாஸ்திரப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கி நடத்தினார். அடுத்துப் போபாலில் தேசிய நீதித்துறைக் கழகத்தின் இயக்குநராக அமர்ந்து நீதிபதிகளுக்கே பயிற்சி தந்தார். மாணவனுக்குக் கற்பித்தவர் கடைசியில் நீதிபதிக்கும் கற்பித்தார். 2003ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2019ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் திருவனந்தபுரத்தில் காலமானார். 2020ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருதும் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

தோழர்களே, இதுவரை புகழைச் சொன்னோம். குறையையும் சொல்ல வேண்டும். பங்களூரைப் பார்த்து இருபதுக்கும் மேற்பட்ட தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. தமிழ்நாட்டில் திருச்சியிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் அங்கே படிக்கச் செலவு அதிகம். நுழைவுத் தேர்வோ ஆங்கிலத்தில் தேர்ந்த நகரத்துப் பிள்ளைகளுக்கு வசதியானது. படித்து வெளிவந்தவர்களில் மிகப் பலர் பெரிய கம்பெனிகளின் வக்கீல் நிறுவனங்களுக்கே போனார்கள். ஏழைக்கு வக்கீல் வேண்டும் என்று நட்ட மரத்தின் பாலைப் பெரும்பாலும் கம்பெனிக்காரனே எடுத்துக்கொண்டான்.

இதற்கும் மாற்றுத் தேடியவர்கள் உண்டு. பங்களூர்ப் பள்ளியில் படித்துப் பின்னர்க் கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த ஷம்னாத் பஷீர் என்பவர், ஏழைப் பிள்ளைகளையும் சிற்றூர்ப் பிள்ளைகளையும் தேடிப் பிடித்து, பயிற்சி தந்து, இந்தச் சட்டப் பள்ளிகளில் சேர்க்கும் இயக்கத்தை 2010ஆம் ஆண்டில் தொடங்கினார். அது சரியான வழியென்று நாம் நினைக்கிறோம். வக்கீலுக்கு ஏழையின் துன்பத்தைக் காட்டுவது ஒரு வழி. ஏழையின் பிள்ளையையே வக்கீலாக்குவது அதனினும் நல்ல வழி.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் மலேசிய நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இருக்கிறது. சம்பளப் பாக்கி என்றால் லேபர் ஆப்பீசில் புகார் செய்யலாம். அங்கே தொழிலாளி தானே நின்று தன் வழக்கைச் சொல்லலாம். 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டம் இருக்கிறது. நியாயமின்றி வேலையை விட்டு நீக்கினால் 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். 1971ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டம் இருக்கிறது. 1980களின் தொடக்கத்திலிருந்து வக்கீல்கள் மன்றம் மாநிலந்தோறும் சட்ட உதவி நிலையங்களை அமைத்து வந்திருக்கிறது. கிரிமினல் வழக்கில் சிக்கிய ஏழைக் குடிமக்களுக்கென 2012ஆம் ஆண்டு முதல் தேசியச் சட்ட உதவி அறநிறுவனம் இயங்கத் தொடங்கியது.

அப்படியிருந்தும் நம் ஆட்கள் ஏன் தோற்கிறார்கள்? 61ஆம் நாள் வருகிறார்கள். கையில் காகிதம் இல்லாமல் வருகிறார்கள். புரியாத தாளில் கைந்நாட்டு வைத்துவிட்டு வருகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். வேலை நிறுத்தத்துக்கான இழப்பீடு பற்றிய 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆட்குறைப்புச் செய்தால், ஐந்தாண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம் தர வேண்டும். இரண்டாண்டுக்கு மேல் ஐந்தாண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 15 நாள். ஓர் அம்மாள் 18 ஆண்டு மரம் சீவியிருக்கிறார் என்று வையுங்கள். அவருக்குச் சேர வேண்டியது 360 நாள் சம்பளம். தோட்டம் இடையில் கைமாறியது. பழைய கணக்குக் காணோம். 4 ஆண்டுக்குத்தான் ருசு இருக்கிறது என்றால்? 60 நாள் சம்பளத்தோடு அனுப்பிவிடப் பார்ப்பார்கள். அந்த 300 நாள் சம்பளமும் ஒரு சம்பளச் சீட்டில் தொங்குகிறது!

கிராணிமார் அவர்களே, இது உங்களை நோக்கிச் சொல்வது. சட்டக் கிளினிக்கில் மாணவன் செய்யும் வேலையில் பாதியை நீங்கள் நெடுங்காலமாகச் செய்து வருகிறீர்கள். பெயர், தேதி, நாள் கணக்கு, தொகை எல்லாம் உங்கள் பேனா வழியாகத்தான் போகின்றன. தோட்டம் கைமாறும் செய்தி வரும்போது, ஒவ்வொரு தொழிலாளியும் தம் வேலைக்காலத்துக்கு எழுத்து மூலமான சான்று கேட்டு வாங்கும்படி சொல்லுங்கள். மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதித் தாருங்கள். அதற்கு வக்கீல் பட்டம் வேண்டியதில்லை.

தொழிலாளத் தோழர்களே, நீங்கள் செய்ய வேண்டியவை மூன்று. சம்பளச் சீட்டையும் ஆப்பீசிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்தையும் ஒரு தகரப் பெட்டியில் பூட்டி வையுங்கள். வாசிக்கத் தெரியாத தாளில், படித்துப் பொருள் சொல்ல ஒருவர் வரும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். வேலைநீக்கம் என்றால் அன்றே சங்கத்துக்கு வாருங்கள். இந்தியாவில் நடந்ததைக் கேட்டுவிட்டு, இங்கேயும் கடிதம் எழுதினால் வழக்காகிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். இங்கே அதற்கென்று படிவம் உண்டு, நாள் கணக்கும் உண்டு.

இந்தக் கூட்டத்தின் முன் ஒரு யோசனையையும் வைக்கிறோம். மலாக்காவிலேயே மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் சட்டத்துறை இருக்கிறது. அங்கே பிள்ளைகள் சட்டம் படிக்கிறார்கள். இங்கே பெம்பானில் சட்டம் தேவைப்படும் மக்கள் இருக்கிறார்கள். நடுவில் உள்ள தூரம் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். ஆசிரியர்களோடு மாணவர்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் மண்டபத்துக்கு அழைப்போம். பெட்டியில் உள்ள காகிதங்களை அவர்கள் முன் விரிப்போம். அவர்கள் நம்மிடம் கேட்கப் பழகட்டும். நாம் அவர்களிடம் சொல்லப் பழகுவோம். அழைப்புக் கடிதம் எழுத இன்றே இருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தலைவர் அவர்களை வேண்டிக்கொள்கிறோம்.

உங்கள் பிள்ளைகளில் நன்றாகப் பேசும் பெண்ணோ பையனோ இருந்தால், சட்டம் படிக்க வையுங்கள். தகப்பன் மரத்தில் கற்ற பொறுமையை அந்தப் பிள்ளை வழக்கில் காட்டட்டும்.